யாருக்கு என்று கேட்கக் கூடாது

என் சித்திக்குக் 'கொசு' என்று பெயர் வைத்தது நான்தான். ஊரே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. இன்று நாலு தெரு தள்ளிப் போய் ரத்தம் எடுக்கிற அம்மா எங்கே என்று கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். கொசு எங்கே என்று கேளுங்கள், பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கை காட்டும். ஒரு தடவை ஆபரேஷன் நடுவில் டாக்டரே "கொசுவைக் கூப்பிடுங்க" என்று கத்திவிட்டார். அப்புறம் அன்று முழுவதும் சித்தியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் லேப் வேலை. பழைய ஆஸ்பத்திரியின் கூரையில் குண்டு விழுந்த பிறகு ஆஸ்பத்திரி எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் குடிவந்தது. எட்டாவதோடு என் படிப்பு நின்றது இப்படித்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் தினமும் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை லீவுகூடக் கிடையாது. நான் கணக்கில் முட்டை வாங்கிய எட்டாவது பி இப்போது ஆபரேஷன் அறை. பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டுக் கட்டில் ஆக்கியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் அறைதான் சித்தியின் லேப். எந்த வாசலில் என்னை முட்டி போட வைத்தார்களோ அதே வாசலில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிறேன்.

சித்திக்கு உட்காரத் தெரியாது. சாப்பாடு நின்றபடி, பேச்சு நடந்தபடி. தூக்கத்தில்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பாள். சண்டை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர்கள் சம்பந்தம் பேச வந்தார்கள். அம்மா அறைக்குள் வந்து மாப்பிள்ளை எப்படி என்று கேட்டாள். "நல்ல நரம்பு, எவ்வளவு தடிச்ச ஊசியா இருந்தாலும் ஒரே குத்துல போயிடும்" என்றாள் சித்தி. அது கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்கள் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இருக்கிறது, கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஆபரேஷன் விளக்கை எரிக்கவே முக்கி முனகுகிறது. அதனால் சித்தி ஒரு வேலை செய்தாள். ரத்தம் அவரவர் உடம்பிலேயே இருக்கட்டும், வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினாள். ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு, மூன்று சின்ன மருந்துப் புட்டிகள், ஒரு பெட்டி ஊசி, கூட நான். வீடு வீடாகப் போனோம். விரலைக் குத்தி, ஓட்டில் மூன்று சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைக் கலந்து ஆட்டிப் பார்ப்பாள். எந்தச் சொட்டு பால் திரிகிற மாதிரி திரிகிறது, எது அப்படியே நிற்கிறது என்பதை வைத்து ரத்தத்தின் வகை தெரியும். தெரிந்ததைக் கதவு நிலையில் சாக்கட்டியால் எழுதுவாள், கீழே ரத்தம் கொடுத்த தேதிகள். பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், சாக்கட்டிக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

மளிகைக் கடைக்காரர் ஒருத்தர் விரலையே நீட்டமாட்டேன் என்றார். அவர் கதவில் நான் 'இங்கே ரத்தமே கிடையாது' என்று எழுதிவைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மனிதர் லேப் வாசலில் நின்றார். "எனக்கா ரத்தம் இல்ல? எடு, எவ்வளவு வேணுமோ எடு!" சித்தி எடுத்தாள். அவர் போன பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு கதவுல எழுதலாம்" என்றாள்.

சித்தியிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. கொடுக்கிறவர் யாருக்கு என்று கேட்கக் கூடாது, அவளும் சொல்லமாட்டாள். இந்த ஆஸ்பத்திரிக்கு அடிபட்டவர் யார் வந்தாலும் உள்ளே எடுக்கிறார்கள். எங்கள் ஆள், அவர்கள் ஆள், யாருடைய ஆளும் இல்லாத ஆள் எல்லாரும் ஒரே வராந்தாவில்தான் கிடக்கிறார்கள். முதல் மாதம் அவள் சொல்லித்தான் பார்த்தாள். ஒரு பெண் திரும்பி வந்து, "அவனுக்குன்னு தெரிஞ்சா குடுத்திருப்பேனா? என் ரத்தத்தைத் திருப்பிக் குடு" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வருகிற மாதிரித்தான் இருந்தது, ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தச் சட்டம். கேள்வி இல்லாததால்தான் கதவுகள் திறந்தன. ஒரு வருஷத்தில் முந்நூற்றுப் பத்துக் கதவு.

அந்தப் புதன்கிழமை பதினொன்றே காலுக்குத் தையல்காரம்மாவைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். என் ஸ்கூல் பாவாடையை மூன்று வருஷம் மடிப்பு அவிழ்த்து அவிழ்த்து நீளமாக்கித் தந்தவர். மூன்று பிள்ளைகள். மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஜன்னல் வழியாக வந்த இரும்புத் துண்டு தொடையில் பாய்ந்திருந்தது. யாரோ இறுக்கிக் கட்டுப்போட்டு, கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதியிருந்தார்கள். 11.05.

"ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல அந்தக் கட்டு இருந்தா காலே போயிடும்" என்றார் டாக்டர். "ரத்தம் கையில இல்லாம கட்டை அவிழ்த்தா ஆளே போயிடும். ஒரு மணிக்குள்ள கொண்டு வா."

சித்தி அதற்குள் ஓட்டில் சொட்டு வைத்துவிட்டாள். மூன்றுமே திரியவில்லை. ஓ நெகட்டிவ். வேறு எந்த ரத்தத்தைக் கலந்தாலும் கட்டி தட்டிவிடும். ஊரில் அந்த வகை இரண்டே கதவு. ஒரு வீடு காலி செய்து போய்விட்டது. மற்றது கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரின் நீலக் கதவு. நான் ஓடினேன். கதவைத் திறந்தது நான் பார்த்திராத ஒரு பெரிய ஆள். இருந்த அவசரத்தில் கடிகாரக்காரர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

"ஓ நெகட்டிவ் நீங்களா?"

அவர் தலையை வெளியே நீட்டிக் கதவு நிலையைப் பார்த்தார். "ஆமா, நான்தான்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு என்னை முந்திக்கொண்டு நடந்தார். ஒரு நல்ல மனிதர் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

லேப்பில் சித்தி அவர் விரலைக் குத்தினாள். ரத்தம் எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். இரண்டாவது சொட்டு திரிந்தது. மூன்றாவதும் திரிந்தது. பி பாசிட்டிவ்.

"அண்ணே, ஓ நெகட்டிவ்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"கதவுல எழுதியிருக்கேம்மா."

"அது இதுக்கு முன்னாடி இருந்தவரோடது!"

"அப்படியா? ஆஸ்பத்திரிக்காரங்க எழுதினது, தெரியாமயா எழுதியிருப்பாங்கன்னு... நாங்க குடிவந்து பதினஞ்சு நாள்தான் ஆச்சு. வந்த அன்னிக்கே என் பொண்டாட்டி பாத்துட்டு, நம்ம வீட்டுக்கு ஓ நெகட்டிவாம்னு பிள்ளைங்களுக்கெல்லாம் மனப்பாடம் பண்ண வச்சுட்டா."

எனக்குச் சிரிப்பு முட்டியது. சித்தி திரும்பிப் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே செத்தது. சண்டையில் ஊரே வீடு மாறி வீடு மாறி இருக்கிறது. நாங்கள் கதவில் எழுதினோம், ஆட்கள் கால் முளைத்து நடந்துவிட்டார்கள். இது இத்தனை நாளாக எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. மணி பதினொன்று ஐம்பது.

அவர் லாரி டிரைவர். முகம் சுருங்கிப்போய் நின்றார். "நீலக் கதவுக்காரர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும். சாவி குடுத்ததே அவர்தான். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், பழைய தபால் ஆபீஸ் மாடி. நான் கூட்டிட்டுப் போறேம்மா. தப்பு என்னோடது."

தண்ணீர்த் தொட்டி மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறவன் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

சித்தி பையில் சாமான்களை அடைத்தாள். காலி ரத்தப் பை, ஊசி, குழாய், ஓடு, புட்டிகள். தையல்காரம்மாவின் ரத்தம் கொஞ்சம் ஒரு சின்னக் குழாயில், பஞ்சு சுற்றிச் சட்டைப் பையில். "அவரை இங்க இழுத்துட்டு வந்து திருப்பி அனுப்பறதுக்கு நானே போய் எடுத்துட்டு வந்துடலாம்."

"நானும் வரேன்."

"நீ வேணாம்."

"ரத்தப் பையை யார் ஆட்டுவா? ஆட்டாட்டி உறைஞ்சு போயிடும்னு நீதான் சொன்ன. நீயே குத்தி, நீயே பிடிச்சு, நீயே ஆட்டுவியா? உனக்கு என்ன நாலு கையா?"

சித்தி ஒரு நொடி யோசித்தாள். "வா. ஆனா அங்க வாயைத் திறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மூக்கால விடு."

ரோட்டைக் கடக்கிற இடத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கயிறு கட்டிப் போர்வை, திரைச்சீலை, கல்யாண மண்டபத்து ஜமுக்காளம் என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவனுக்கு ஆள் தெரியாமல் இருக்க. காற்று அடித்தால் துணி தூக்கிக்கொள்ளும், கால் தெரியும். லாரி டிரைவர் குனிந்து துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். தொங்கியது அசையாமல் நின்றதும், "இப்ப" என்றார். ஓடினோம். நடுவில் ஒரு பூப்போட்ட போர்வை என் முகத்தில் அறைந்தது. யாருடைய வீட்டுச் சோப்பு வாசனையோ அதில் இருந்தது. எங்கோ பட்டென்று ஒரு சத்தம். எங்கள் பக்கமா, வேறெங்கேயா என்று தெரியவில்லை. அந்தக் கரைச் சுவரில் முதுகு மோதிய பிறகுதான் சித்தி தன் சட்டைப் பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள் என்று பார்த்தேன்.

தபால் ஆபீஸ் மாடியில் ஒரே அறை. கடிகாரக்காரர் துணிமணிகளை விட்டுவிட்டுக் கடிகாரங்களைத்தான் தூக்கி வந்திருந்தார். ஜன்னல் விளிம்பில், தரையில், கட்டிலுக்கு அடியில் முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஆளாளுக்கு ஒரு பக்கம் டிக் டிக் என்று. அந்தச் சத்தத்தில் நிற்கவே முடியவில்லை. எல்லாமே பன்னிரண்டே காலுக்குப் பக்கத்தில்.

சித்தியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார். ஆனால் சட்டைக் கையை மடக்கவில்லை.

"யாருக்கும்மா?"

சித்தி குழாயை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "வழக்கமா கேக்கமாட்டீங்களே."

"வழக்கமாத்தான் கேக்கமாட்டேன். என் தம்பி தானியக் கிடங்குக்குள்ள இருந்தான், அவனுங்க மேலேயிருந்து குண்டு போட்டானுங்க. தெரியும்ல? அதுக்கு அடுத்த வாரம் நான் வந்து குடுத்தேன். அது அவனுங்கள்ல ஒருத்தனுக்குப் போச்சாமே. எழுந்து நடந்து போனானாம்."

"யார் சொன்னாங்க?"

"ஊர்ல சொன்னாங்க. இல்லைன்னு சொல்லு, நம்பறேன்."

சித்தி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. சித்தி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அது ஒரு பெரிய குறை.

"உங்கிட்ட எனக்குக் கோபம் இல்லம்மா" என்றார் அவர். "ஒரே வார்த்தை. நம்ம ஆளா, அவனுங்களா? நம்ம ஆளுன்னா இப்பவே கை நீட்டறேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரே வார்த்தைதானே? தையல்காரம்மா. இவருடைய சட்டைக் காலரையும் அவர்தான் திருப்பித் தைத்திருப்பார். சொன்னால் முடிந்தது. ஆனால் சித்தியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. இன்று சொல்லிவிட்டால் நாளைக்குச் சொல்லாமல் நிற்கிற இடத்தில் எல்லாருக்கும் விடை தெரிந்துவிடும். வாய் மூடியிருந்தாலே 'அவனுங்களுக்கு' என்று அர்த்தம் ஆகிவிடும். அப்புறம் அந்த வராந்தாவில் பாதிப் பேருக்கு ரத்தம் கிடையாது.

"அடிபட்ட ஆளுக்கு" என்றாள் சித்தி. "அதுக்கு மேல எனக்குச் சொல்ல உரிமை இல்ல."

"அப்ப எனக்குக் குடுக்க மனசு இல்ல."

நாற்பது கடிகாரமும் ஓடின. லாரி டிரைவர் கதவுப் பக்கம் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் இருப்பது தப்பான ரத்தம் என்கிற மாதிரி. சித்தி அசையவில்லை. அவள் இப்படி ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு இருபத்தைந்து. பன்னிரண்டு இருபத்தேழு.

"தையல்காரம்மாவுக்கு!" என்று கத்திவிட்டேன். "தொடையில அடி. மூணு பிள்ளைங்க. நெத்தியில நேரம் எழுதியிருக்கு!"

அவர் சட்டைக் கையைச் சரசரவென்று மேலே ஏற்றினார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பாவம், நிமிர்ந்துகூடப் பேசாத பொம்பளை."

சித்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டில் இருவர் ரத்தத்தையும் கலந்து பார்த்தாள். சேர்ந்தது. குத்தினாள். பையை என் மடியில் வைத்தாள், நான் ஆட்டினேன். வலது இடது, வலது இடது, ஒரு குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது, சூடாக இருந்தது. நிரம்பியதும் என் சட்டைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு, ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று தெரியாமல் கடந்தேன். ஒரு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

தையல்காரம்மா பிழைத்தார். காலும் பிழைத்தது.

சாயங்காலம் சித்தி ஓட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய ஓடு அது.

"திட்டிடு சித்தி."

"எதுக்கு?"

"நான் சொல்லலைன்னா அவர் குடுத்திருக்கமாட்டார்."

"குடுத்திருப்பார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள். ஓட்டை மறுபடி தண்ணீரில் காட்டிக்கொண்டே, "இனிமே எல்லாரும் கேப்பாங்க" என்றாள். அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் போதுமாக இருந்தது ஊர் முழுவதும் பரவ. கடிகாரக்காரருக்கு மட்டும் சொன்னார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டார்கள். மீசை சரியாக முளைக்கவில்லை. கிழிந்த சட்டையில் அவர்கள் படையின் பட்டை தைத்திருந்தது. வயிற்றில் அடி. பேச்சு இல்லை, கண் மட்டும் மேலே மின்விசிறியையே பார்த்தது. ஏ பாசிட்டிவ். ஊரில் பாதிப் பேர் ஏ பாசிட்டிவ்தான். வேறு நாளாக இருந்தால் பத்து நிமிஷ வேலை.

முதல் கதவில் ஐந்து தேதி எழுதியிருந்தது. ஐந்து தடவை கொடுத்த அக்கா. கதவைப் பாதி திறந்து, "யாருக்கு?" என்றார்.

"சொல்ல முடியாது அக்கா."

"கடிகாரக்காரருக்குச் சொன்னீங்களாமே."

"சொன்னது தப்பு."

"அப்ப இது யாருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." கதவு மூடியது. சத்தமாக மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, மரியாதையாக மூடினார்.

இரண்டாவது கதவு, மூன்றாவது கதவு. ஒரு வீட்டில் உள்ளே பேச்சு கேட்டது, தட்டியதும் நின்றது. ஒரு பெரியவர் "நாளைக்கு நம்ம ஆளுக்கு வேணும்னா எங்க போவீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகச் சங்கடப்பட்டுத் தண்ணீர் வேண்டுமா என்றார். சித்தி வேண்டாம் என்று அடுத்த வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால். ஆறு, ஏழு. நாக்கைக் கடித்துக்கொண்டே நடந்ததில் வாயில் உப்புக் கரித்தது. "அவனுக்கு என் வயசுதான் இருக்கும்" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்று இப்போது தெரியும், அதனால் கத்தவில்லை. ஒன்பதாவது கதவில் யாருமே இல்லை.

தெரு முனையில் சாக்கட்டி படாத ஒரு வீடு. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள். ஓர் ஆள் தண்ணீர்க் கேனை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தி மூச்சு வாங்கினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வரோம். ரத்தம் வேணும். விரலைக் கொஞ்சம் குத்திப் பாக்கணும்."

அவர் கேனை இறக்கி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, விரலை நீட்டினார். சித்தி படியிலேயே ஓட்டை வைத்தாள். முதல் சொட்டு திரிந்தது. இரண்டாவது நின்றது. மூன்றாவது திரிந்தது. ஏ பாசிட்டிவ்.

"சரியா இருக்கு" என்றாள் சித்தி. அதோடு நிறுத்தி, கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். அந்த ஆள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து, இரண்டு சட்டைக் கைகளையும் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"எந்தக் கையில எடுப்பீங்க?" என்றார்.